ஒற்றைக்கொம்பு

...இன்னும் அரை முடி உள்ளே தள்ளியிருக்கலாமோ, அரை முடி என்று ஓர் அளவு உண்டா என்ன, ஆனால் அவளுக்கு உண்டு, கொம்புக்கும் 'த'வுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சந்து, பதினாறு நாளாக அவள் உயிரை வாங்கிய சந்து, குறைத்தால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும், கூட்டினால் கொம்பு கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி தள்ளிப் போய் நிற்கும், சரி, போதும், அனுப்பியாகிவிட்டது, காலையில் பேருந்துக்குக் கிளம்பும் முன்பே அனுப்பியாகிவிட்டது, அனுப்பின பிறகும் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு... வரவேற்பு மேசையில், நோயாளிகளின் அட்டைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், தன் பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் போட்டித் தளத்தில் தன் பக்கத்தை இன்னொரு முறை புதுப்பித்தாள். நட்சத்திரம்: 7. பதிவிறக்கம்: 1. ஏழு இன்னும் ஏழுதான், யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. மணி இரண்டே முக்கால். பல் மருத்துவமனைக்கு மதிய இடைவேளை ஒன்றிலிருந்து நாலு வரை, போட்டி முடிவதும் நாலு மணிக்கு, யாரோ அவளுக்கென்றே பார்த்து வைத்த மாதிரி. வாசல் கதவு பூட்டியிருந்தது. ஆறு நாற்காலிகளும் காலியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, தண்ணீர் இயந்திரம் அவ்வப்போது ஒரு குமிழி விட்டுத் தான் இருப்பதைத் தெரிவித்தது, உள்ளே டாக்டரம்மா நோயாளி நாற்காலியையே சாய்த்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஊரே உட்காரப் பயப்படுகிற நாற்காலியில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்க அவர் ஒருவரால்தான் முடியும்.

ஏழு நட்சத்திரம்... அவளுக்கா, அவளுக்கேதான். இணையத்தில் நடக்கிற இந்த வடிவமைப்புப் போட்டிகளில் இது முப்பத்தியோராவது, சலவைக்கடைக்கு ஒரு லோகோ, பூட்டுக்கடைக்கு ஒரு லோகோ, நீச்சல் பள்ளிக்கு, நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு, யார் கேட்டாலும் வரைந்தாள், எல்லாவற்றுக்கும் கீழே இரண்டே எண்கள், நட்சத்திரம் பூஜ்யம், பதிவிறக்கம் ஒன்று, அந்த ஒன்றுகூட யாரோ ஆசைப்பட்டு இறக்கியது இல்லை, தளத்தின் இயந்திரம் வைரஸ் இருக்கிறதா என்று திறந்து பார்க்கும்போது விழுகிற எண்ணாக இருக்கும், அவளே அப்படி முடிவு கட்டிவிட்டாள், யாரையும் கேட்கவும் இல்லை, கேட்டு மூக்குடைபட வேண்டுமா. அக்கா தொலைபேசியில் கேட்பாள், இன்னும் அந்தப் படம் போடற வேலையெல்லாம் நடக்குதாடி. நடக்குதுக்கா. சரி சரி, கண்ணைக் கெடுத்துக்காத. அவ்வளவுதான், அதற்கு மேல் அக்காவிடம் என்ன சொல்வது, ஆறு வருஷமாக மேல் வரிசை இடது மூன்றாவது, கீழ் வரிசை வலது ஆறாவது என்று பல்லை எண்ணி எழுதுகிற கைக்கு வேறு ஒரு கோடு இழுக்கத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இந்தத் தடவை கதை வேறு. ஒரு நூலகம், பார்வையற்றவர்களுக்கானது, பெயர் 'தொடு'. இரண்டே எழுத்து. ஜெயிப்பவர்தான் ஒரு வருஷத்துக்கு அந்த நூலகத்தின் பலகை, புத்தக அட்டை, கதவு எண், மாடிப்படிக் கைப்பிடிமேல் ஒட்டுகிற பெயர் வரை எல்லாம் வரைவார். அதைப் படித்த நாள் அவள் இரண்டு நோயாளிகளின் அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டாள், நல்லவேளை இருவருக்கும் அடைப்புதான், பிடுங்கல் இல்லை. வேண்டும். இது எனக்கு வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக ஒன்றை வேண்டும் என்று நினைத்து எத்தனை காலமாயிற்று?

அறிவிப்பில் ஒரு பத்தி இருந்தது, அதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்: 'உங்கள் முத்திரையைத் தடித்த அட்டையில் புடைப்பாக அச்சடித்து விரலால் பார்ப்போம். எங்களில் பாதிப் பேர் எழுத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களுக்கும் அது பழக வேண்டும்.' பாதிப் போட்டியாளர்கள் இதைப் படிக்கவேயில்லை, வந்த இருநூற்றுச் சொச்சத்தில் கண் படம் போட்டவர்களே நாற்பது பேர், கண்ணுக்குள் புத்தகம், புத்தகத்துக்குள் கண், நிழல் வேறு, பளபளப்பு வேறு, விரலுக்கு எங்கே தெரியும் பளபளப்பு. அவள் படித்தாள். டாக்டரம்மா கடி அச்சு எடுக்கிற இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், எழுத்தை மெழுகிலே புடைக்கச் செய்து, வேலையிலிருந்து வந்து கையை இன்னும் கழுவாத கணவனிடம், லிஃப்ட் பழுது பார்க்கிறவன், விரலெல்லாம் கிரீஸ், கண்ணை மூடு என்று நீட்டினாள். அவன் தடவினான், யோசித்தான், தோடு என்றான். தோடா? ஆமா, தோடு, ஏன், வாங்கணுமா, நேரா கேட்டா ஆகாதா. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம்... ஆனால் அவன்மேல் தப்பில்லை, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் கண்ணுக்குத்தான் வித்தியாசம், உச்சியில் லேசாக ஒரு வளைவு கொடுத்திருந்தாள் அழகுக்காக, அந்த அழகை விரல் இன்னொரு சுழி என்று நினைத்துவிட்டது. தொடு, தோடு. நூலகம் போய் நகைக்கடை ஆகிவிட்டது. மெழுகிலும் கோப்பிலும் உச்சியை மொட்டையாக வெட்டினாள். கீழ்ச் சுழியை ஒரு விரல்நுனி உட்காருகிற அளவுக்கு அகலமாக்கினாள், அப்போதுதான் தெரிந்தது, கொம்பே ஒரு மடக்கிய விரல் மாதிரி இருக்கிறது, 'த'வைத் தொடப்போகிற விரல், இன்னும் தொடவில்லை, நடுவே ஒரு சந்து... பதினாறு நாள்.

எறும்பு என்ன செய்திருக்கிறது என்று பார்க்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தாள், காலையில் அனுப்பிய கையோடு அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தாள். தளத்தில் எல்லாருக்கும் புனைபெயர்தான், அவள் அரைப்புள்ளி, அது எறும்பு. ஆணா பெண்ணா, வயசு என்ன, எந்த ஊர், ஒன்றும் தெரியாது, அதனால் மனசுக்குள் எப்போதும் அது, எறும்பு வந்தது, எறும்பு போட்டது, எறும்பு ஜெயித்தது. இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். பூட்டுக்கடைக்கு எல்லாரும் சாவி வரைந்தபோது எறும்பு சாவியே வரையவில்லை, 'பூட்டு' என்று வெறுமனே எழுதி நடுவே இருக்கிற 'ட்' புள்ளியை மட்டும் ஒரு சாவித் துவாரமாக்கியது, அவ்வளவுதான், பார்த்துவிட்டு அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். கடிகாரம் பழுது பார்க்கிற கடைக்கு 'மணி', அவள் உட்பட அத்தனை பேரும் மூணுசுழி 'ண'வின் மூன்று சுழியையும் பற்சக்கரமாக்கி ரொம்பக் கெட்டிக்காரர்களாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எறும்பு சுழிகளைத் தொடவேயில்லை, மேலே வளைகிற கொக்கியை மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தது, எழுத்து ஆட ஆரம்பித்துவிட்டது, ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தால் டிக் டிக் கேட்கிறது. எப்படி ஒருத்தருக்கு விட்டுவிடத் தெரிகிறது? போடுவதற்கு யாருக்கும் தெரியும், போட்டதை எடுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், அவளுக்குப் பொறாமை வரவேண்டிய இடம், வந்தது, இல்லையென்று சொன்னால் பொய், ஆனால் வந்த பொறாமை உட்காரவேயில்லை, அதன் பின்னாலேயே வேறொன்று வந்துவிட்டது, சந்தோஷம் மாதிரி ஒன்று, இப்படியும் செய்யலாமா என்கிற சந்தோஷம். எறும்பு போட்டது எல்லாவற்றையும் இறக்கி, 'எறும்பு' என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் வைத்திருக்கிறாள். கணவன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுல எறும்பு வந்தா மருந்து அடிப்ப, இதுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கியா என்றான். இந்தத் தடவை எறும்பின் 'தொடு' ஒரே கோடு. கொம்பின் சுழியில் புறப்படுகிற விரல் தூக்காமலே 'த'வைச் சுற்றி, கால் வழியாக இறங்கி, 'டு'வின் வாலில் போய் முடிகிறது, எழுத்து தெரிந்தவருக்கு அது எழுத்து, தெரியாதவருக்கு ஒரு பாதை. எறும்பு ஊர்ந்த பாதையேதான். பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தன்னுடையது தோற்றால் இதனிடம்தான் தோற்க வேண்டும், அப்படித் தோற்றால்கூடப் பரவாயில்லை... இல்லை, பரவாயில்லை இல்லை, யாரிடம் கதை விடுகிறாள், அந்தக் கதவு எண்களை யார் வரைவது, கைப்பிடிப் பெயர்களை யார் வரைவது?

இரண்டு கட்டம். முதலில் நூலகத்தில் பார்வையுள்ள ஊழியர்கள் கோப்போடு சேர்த்து ஏற்றுகிற படத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் போடுவார்கள், நாலு மணிக்கு அதிக நட்சத்திரம் வாங்கிய பத்து பேரின் மூலக் கோப்பு நேராகப் புடைப்பு இயந்திரத்துக்குப் போகும், நாளைக்குக் காலையில் வாசகர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். எறும்புக்குப் பன்னிரண்டு. அவள் ஏழோடு எட்டாம் இடத்தில். எட்டு என்றால் உள்ளே. ஐந்து வாங்கியவர் வெளியே, ஆறு வாங்கியவர் அரைகுறை, ஏழு உள்ளே, இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை கணக்குப் பார்த்தாயிற்று... மூன்று மணிக்கு மறுபடி புதுப்பித்தபோதுதான் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது, செய்தி, அவளுக்கா, இரண்டு வருஷத்தில் அவளுக்கு இங்கே வந்த செய்தியெல்லாம் கடவுச்சொல்லை மாற்று என்பதுதான். திறந்தாள். எறும்பு. 'அரைப்புள்ளிக்கு வணக்கம். எப்பவும் போல உங்களோடதத் திறந்து பார்த்தேன். கர்வ் ஆகலை. என் பெட்டியில எழுத்து உடைஞ்சு வருது. நாலு மணிக்குள்ள மாத்திடுங்க. படத்துல கொம்புக்கும் தவுக்கும் நடுவுல விட்டிருக்கீங்களே இடம், அது ரொம்ப நல்லாருக்கு.' அவ்வளவுதான் செய்தி. ஒன்று பத்துக்கு அனுப்பியிருக்கிறது, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நேரம்.

கர்வ் ஆகலை. அந்த இரண்டு சொல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கர்வ் பண்ணுவது என்றால் எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோடாக மாற்றுவது, மாற்றிவிட்டால் எந்தக் கணினியில் திறந்தாலும் அதே வடிவம், மாற்றாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கம், அச்சகத்தில் முதல் நாள் வேலைக்குச் சேர்கிறவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், இதில் போய் அவள்... இல்லை, பண்ணினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, பண்ணினாள். இல்லையென்றால் இது வேறு மாதிரியோ? மாற்றினால் என்ன ஆகும் என்பது எறும்புக்குத் தெரியாதா? பழைய கோப்பை எடுத்தால் நட்சத்திரமும் அதோடு போய்விடும், போட்டியின் எட்டாவது விதி, புதிய கோப்பு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், இன்னும் ஒரு மணி நேரத்தில் யார் வந்து அவளுக்கு மறுபடி ஏழு போடுவார்கள்? ஆக, மாற்று என்றால் வெளியே போ என்று அர்த்தம். கடைசியில் அந்த இடம் நல்லாருக்கு என்று ஒரு வரி வேறு, ஐஸ் வைக்கிற வரி. சீ, என்ன புத்தி இது, பன்னிரண்டு வைத்திருக்கிறவருக்கு ஏழைத் தள்ளி என்ன ஆகப்போகிறது, ஆனால் நாளைக்கு விரலால் பார்க்கும்போது பன்னிரண்டும் ஏழும் ஒன்றுதானே, எறும்பு அதைக் கணக்குப் போடாமலா இருக்கும்... இரண்டு வருஷம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதை ஒரே நிமிஷத்தில் திருடனாக்கிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தது, சந்தேகமும் போகவில்லை. கோப்பைத் திறந்தாள். அழகாகத் திறந்தது, கொம்பு, சந்து, த, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. திறக்காமல் என்ன செய்யும், அந்த எழுத்துருவே அவள் செய்தது, உலகத்திலேயே அது இருக்கிற ஒரே பெட்டி அவள் மடியில் இருக்கிற இந்தப் பெட்டி, இது எப்படி அவளைக் காட்டிக்கொடுக்கும்? கோப்புறைக்குள் கோப்புகளின் பெயர்களைப் பார்த்தாள். தொடு-கடைசி. தொடு-கடைசி-2. தொடு-நிஜக்கடைசி. தொடு-இதுதான்கடைசி. தொடு-இதுதான்கடைசி-அனுப்ப. எதைக் கர்வ் பண்ணினாள்? எதை அனுப்பினாள்? காலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, கணவன் வாசலில் நின்று வருதா வருதா என்று கேட்டுக்கொண்டிருந்தான், அனுப்ப என்று பெயர் வைத்திருந்ததையா அனுப்பினோம்... தளத்திலிருந்து தான் அனுப்பியதையே பென் டிரைவில் இறக்கிக்கொண்டாள், தன்னுடையதைத் தானே இறக்கினால் எண்ணில் சேராது. வேறொரு கணினி வேண்டும். கைபேசி இந்த வகைக் கோப்பைத் திறக்கவே திறக்காது. இருப்பது ஒன்றுதான், உள்ளே, எக்ஸ்ரே படம் பார்க்கிற கணினி, மருத்துவமனைக்கு அட்டை அச்சடித்தபோது அவளே ஒரு பழைய வரைபட மென்பொருளை அதில் ஏற்றியிருந்தாள். அது டாக்டரம்மா தலைமாட்டில் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். அறை அரை இருட்டு, கிராம்புத் தைல வாசனை, டாக்டரம்மா முகத்தில் ஒரு பச்சைத் துணி, கால் இரண்டும் நோயாளி கால் வைக்கிற இடத்தில் சமத்தாகச் சேர்ந்து இருந்தன. பையிலிருந்து பென் டிரைவை எடுக்கும்போது கூடவே மெழுகுத் துண்டும் வந்து டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது, அவ்வளவுதான், தொலைந்தோம். "யாரும்மா, நாலாயிடுச்சா?" என்றார் துணிக்கு அடியிலிருந்து. "இல்ல மேடம், மூணே கால்தான். நீங்க தூங்குங்க, இதுல ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன்." கணினி ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரி முனகிக்கொண்டு விழித்தது. டாக்டரம்மா கண்ணைத் திறக்கவில்லை, அவர் கை மட்டும் மடியில் கிடந்ததைக் கண்டுபிடித்தது, "இது யாரு கடிச்சது?" என்றார். "கடிச்சது இல்ல மேடம், என்னோடது." கட்டைவிரல் அந்த மெழுகின்மேல் போயிற்று, இருபத்தைந்து வருஷமாக இருட்டுக்குள் ஒரு பல்லின் பின்புறத்தைத் தடவியே தெரிந்துகொள்கிற விரல், அவசரமே இல்லை அதற்கு, சுழியில் ஒரு நொடி உட்கார்ந்தது, மேலே ஏறியது, இறங்கியது, சந்தில் தயங்கியது, தாண்டியது. "தொடு," என்றார் டாக்டரம்மா. "தொடுன்னு எழுதியிருக்கு, ஏன்?" தோடு இல்லை. தொடு. கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்தில், முதல் தடவையிலேயே. அவளுக்குப் பதினாறு நாளும் அந்த ஒரு சொல்லில் வசூலாகிவிட்ட மாதிரி இருந்தது, சரியாக அப்போதுதான் திரையில் கோப்பு திறந்தது.

'த' தனியாக நின்றது. அதன் பக்கத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இல்லை என்று கணினி போடுகிற வட்டம், அந்த ஆளில்லாத வட்டத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். பிறகு ஒரு 'ட'. பிறகு இன்னொரு காலி வட்டம், அதற்கு ஒரு வால். அவளுடைய மொட்டை உச்சி இல்லை, விரல் உட்காருகிற சுழி இல்லை, சந்து இல்லை. எவனோ எழுதிய எழுத்துரு. கர்வ் ஆகலைதான். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா. "கர்வ் பண்ணாம அனுப்பிட்டேன் மேடம்." "கர்வம் பண்ணாம இருந்தா நல்லதுதானேம்மா." சிரிப்பு வந்தது அவளுக்கு, கூடவே கண்ணில் தண்ணீரும், பண்ணியிருந்தேனே மேடம், காலையிலிருந்து அதை மட்டும் பண்ணிக்கொண்டுதானே இருந்தேன், ஏழு ஏழு என்று... "சரி, எனக்கு இதெல்லாம் புரியாது. அடைக்கணுமா, பிடுங்கணுமா?" "பிடுங்கிட்டு வேற வைக்கணும் மேடம். ஆனா பிடுங்கினா இருக்கறதும் போயிடும்." டாக்டரம்மாவின் கட்டைவிரல் மறுபடி மெழுகின்மேல் போயிற்று. "எத்தனை மணி வரைக்கும் டைம்?" "நாலு." "அப்ப இங்க நின்னு என்ன பண்ற?" என்று சொல்லிவிட்டு மெழுகை அவள் கையில் கொடுத்து, துணியைச் சரி செய்துகொண்டு ஒருக்களித்துப் படுத்தார்.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மூணு இருபத்தைந்து. மாற்றாமல் விட்டால் என்ன? பத்தில் ஒருத்தி, அது ஒரு மரியாதை, நாளைக்கு இயந்திரத்தில் உடைந்து வந்தால் அங்கே இருப்பவர்கள் படத்தைப் பார்த்துத் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க மாட்டார்களா, ஒரு வார்த்தை எழுதிக் கேட்க மாட்டார்களா, கேட்டால் உடனே சரியானதைக் கொடுத்துவிடலாம், உலகம் அவ்வளவு மோசமில்லையே... பூசி மெழுகிக்கொண்டே போனாள், நன்றாகத்தான் வந்தது, ஏறக்குறைய முடிவே செய்துவிட்டாள். பிறகு அந்தப் பத்தி ஞாபகம் வந்தது. எங்களில் பாதிப் பேர் எழுத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவர் உடைந்ததைத் தடவினால் உடைந்திருக்கிறது என்பார், தூக்கிப் போடுவார், சரி. பார்க்காதவர்? இதுவரை எழுத்தென்று ஒன்றைத் தொடாத ஒருத்தர் நாளைக்குக் காலையில் அந்த அட்டையை வாங்கி, அந்தக் காலி வட்டத்தை, ஆளில்லாத கொம்பை, அந்தக் காலைப் பொறுமையாகத் தடவி, ஓஹோ, தொடு என்றால் இப்படித்தான் இருக்குமாக்கும் என்று நம்பிவிட்டால்? கை எங்கேயும் தயங்காது அவருக்கு, அதுதான் பயங்கரம், தப்பென்று தெரிய அவருக்கு ஒரு வழியும் இல்லை, அவள் பேரைச் சொல்லி அவருக்கு ஒரு பொய்யைப் பழக்கிக் கொடுத்த மாதிரி. இதுதான்கடைசி-அனுப்ப என்பதைத் திறந்தாள், ஒவ்வொரு எழுத்தாகச் சொடுக்கிப் பார்த்தாள், கோடு, கோடு, கோடு, எல்லாம் கோடுதான், இதைத்தான் பண்ணியிருக்கிறாள், இதை வைத்துவிட்டு இதற்கு மேலே இருந்ததைத் தூக்கி அனுப்பியிருக்கிறாள், பெயர் வைக்கத் தெரியாத கழுதை. 'பழைய கோப்பை நீக்கினால் அதன் நட்சத்திரங்களும் நீங்கும். உறுதியா?' என்று கேட்டது தளம். இப்படியெல்லாம் ஒரு இயந்திரம் மனுஷியைக் கேட்கலாமா? உறுதியில்லை, துளிக்கூட உறுதியில்லை, ஆனால் கை அழுத்திவிட்டது.

மூணு முப்பத்தெட்டு. நட்சத்திரம்: 0. பதிவிறக்கம்: 0. புதுச் சிலேட்டு. கீழே குறிப்பு எழுதுகிற கட்டத்தில், 'முதலில் அனுப்பியதில் எழுத்து உடைந்திருந்தது, இது சரியானது, தயவுசெய்து பார்க்கவும்' என்று எழுதினாள், 'தயவுசெய்து' வேண்டுமா என்று யோசித்தாள், இருக்கட்டும். காத்திருந்தாள். மூணு நாற்பத்தைந்து, பூஜ்யம், பூஜ்யம். அந்த ஊழியர்களெல்லாம் நட்சத்திரம் போட்ட கையோடு எழுந்து போயிருப்பார்கள், எட்டாம் இடத்தில் இப்போது ஆறு வாங்கியவர் யாரோ சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார், உட்காரட்டும், கண் படம் போட்டவர்தான், புத்தகத்துக்குள் கண். அழவேண்டும் போல இருந்தது, அழவில்லை, அட்டைகளை நாலு மணி வரிசைப்படி அடுக்கினாள். எறும்புக்குப் பதில் எழுத வேண்டுமே. 'நன்றி' என்று தட்டினாள், அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள், இரண்டு வருஷமாக அது அது என்று சொல்லிப் பழகியதை இப்போது நேரே எப்படிக் கூப்பிடுவது, திருடன் என்று நினைத்ததைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் வெறும் நன்றி என்றால் அது நன்றியா... செய்தியை மறுபடி மேலே தள்ளி முதலிலிருந்து படித்தாள். அரைப்புள்ளிக்கு வணக்கம். எப்பவும் போல உங்களோடதத் திறந்து பார்த்தேன்.

எப்பவும் போல.

எப்படி இதை விட்டாள்? மூன்று மணிக்குப் படித்தபோது இந்தச் சொல் இங்கேதானே இருந்தது. எப்பவும் என்றால்? சலவைக்கடையா? நாய் வளர்ப்போர் சங்கமா? அந்தக் கடிகாரக் கடைக்கு மூன்று பற்சக்கரம் போட்டு அனுப்பினாளே, அதையுமா, ஐயோ. பழைய பதிவுகளின் பட்டியலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் திறந்தாள், ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, மேலிருந்து கீழ் வரைக்கும் முப்பது ஒன்று, வைரஸ் பார்க்கிற இயந்திரம் என்று நினைத்தாளே... சட்டென்று ஒரு சந்தேகம் வந்து, இன்றைய பக்கத்துக்குத் திரும்பிப் புதுப்பித்தாள். மணி மூணு ஐம்பத்தெட்டு. நட்சத்திரம்: 0. பதிவிறக்கம்: 1.

கதவை யாரோ தட்டினார்கள். உள்ளே நாற்காலி நிமிர்கிற சத்தம், டாக்டரம்மா குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்துவிட்டார். அவள் எழுந்து போய்த் தாழை நீக்கினாள், ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கைக்குட்டையை அதில் அழுத்திக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார், அவரைப் பார்த்துத்தான் நின்றாள், ஆனால் வாய் அதன் பாட்டுக்கு, "திறந்து பார்த்துட்டாங்க," என்றது. பார்த்துட்டாங்க என்றுதான் வந்தது, பார்த்துடுச்சு என்று வரவில்லை.

"யாரு, டாக்டரா?" என்றார் பெரியவர், வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது அவரால்.

"இல்லைங்க," என்றாள் அவள். "டாக்டர் இனிமேதான் பார்ப்பாங்க. வாங்க, உக்காருங்க. எத்தனை நாளா வலி?"